இந்த வீட்டில் வழக்கமாக இருப்பவர்கள்

ஜனவரி 6, திங்கள்

இனி யாரையாவது வாயைத் திறந்து திட்டினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவேன் என்று நிகில் சொல்லிவிட்டான். சென்னையிலிருந்து வந்திருக்கும் மேற்பார்வையாளன், என் தம்பி மகன் வயசு. சரி, இனிமேல் எழுதித் திட்டிக்கொள்கிறேன். போர்வெல் ரிக்குக்கு உதிரி பாகம் விற்கிற கடையில் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. அட்டையில் கடைக்காரர் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறார். அவரையும் சேர்த்துத் திட்டலாம்.

வேலை இதுதான். நாட்டில் உள்ள பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்களா என்று அளக்கிறார்களாம். டில்லியில் யாருக்கோ திடீரென்று சந்தேகம் வந்திருக்கிறது. பத்து வயசிலிருந்து பத்தொன்பது வயசு வரை உள்ளவர்களை வீடு வீடாகத் தேடிப் போய், சந்தோஷமாக இருக்கிறாயா, தூக்கம் வருகிறதா, பயமாக இருக்கிறதா என்று கேட்டு டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். நான் மாட்டுக் கணக்கு எடுத்திருக்கிறேன். எந்த சோப்பு விளம்பரம் மனசில் நிற்கிறது என்று தெருத் தெருவாகக் கேட்டிருக்கிறேன். மாடு உண்டா இல்லையா என்பது கொட்டகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். சந்தோஷத்தை எந்தக் கொட்டகையில் போய்ப் பார்ப்பது?

கூட வேலை பார்க்கிறவள் பெனிட்டா. சின்னப் பெண், பூனை மாதிரிப் பேசுகிறாள். யார் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினாலும் "பரவால்லீங்க" என்கிறாள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் வீட்டிலேயே சண்டை. வேலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி வீடு. 'இந்த வீட்டில் வழக்கமாக இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள்' என்பதுதான் முதல் கேள்வி. அந்த அம்மா தன் பேர், வீட்டுக்காரர் பேர், ரெண்டு பையன்கள் பேர் சொன்னாள். பையன்களைக் கூப்பிடுங்கள் என்றேன். ரெண்டு பேரும் ஹாஸ்டலில் படிக்கிறார்களாம்.

"அப்ப அவங்களை எழுத முடியாதுங்க."

"ஏனுங்க?"

"இங்க இருக்கறவங்களைத்தான் எழுதோணும். ஹாஸ்டல்ல இருந்தா வீட்டுக் கணக்குல வராதுங்க."

"அப்ப ஹாஸ்டலுக்குப் போயி எழுதிக்குவீங்களா?"

"ஹாஸ்டலு இந்தக் கணக்குலயே இல்லீங்க. வீடு மட்டுந்தான்."

"பெத்து வளத்தது நானு. என்ற பசங்க என்ற வீட்டுக் கணக்குல வரமாட்டாங்கன்னு சொல்ல நீ ஆரு? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

நானும் விடவில்லை. "என்ற புள்ளையுந்தான் ஹாஸ்டல்ல இருக்கறா. நாளைக்கு என்ற வீட்டுக்கே வந்து கேட்டாலும் அவ பேரை எழுத விடமாட்டேன். ரூல்ஸுன்னா ரூல்ஸு" என்றேன். அதற்குத்தான் அவள் நிகிலுக்குப் போன் போட்டது, அதற்குத்தான் இந்த டைரி.

மாலை வரை ஏறி இறங்கிய வீடுகளில் பாதிக்கு இதே கதை. பிள்ளைகள் இருக்க வேண்டிய வீட்டில் பிள்ளைகள் இல்லை. அறையில் மெத்தையைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள், சைக்கிளில் காற்று இல்லை. எங்கள் மாவட்டத்தில் கோழிப்பண்ணைக்கு அடுத்த பெரிய தொழில் ஹாஸ்டல் பள்ளிக்கூடம்தான். டில்லிக்காரர்களுக்கு இது தெரியாது போல. எனக்கென்ன வந்தது, எழுதச் சொன்னதை நான் எழுதுகிறேன்.

ஜனவரி 8, புதன்

இன்றைக்கு ஏணி அட்டை. ஒரு ஏணி படம் போட்ட அட்டையைப் பிள்ளையின் கையில் கொடுத்து, மேல் படி பத்து, அதுதான் இருக்கிறதிலேயே நல்ல வாழ்க்கை, கீழே பூஜ்யம் மகா மோசம், நீ எந்தப் படியில் நிற்கிறாய் என்று கேட்க வேண்டும். பெற்றவர்கள் காதில் விழாத இடத்தில் கேட்க வேண்டும் என்பது கண்டிப்பு. எங்கள் ஊர் வீடுகளில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது? அம்மாக்காரி சமையலறையில் இருப்பாள், காது மட்டும் கூடத்தில் இருக்கும். பிள்ளை அட்டையைப் பார்க்காது, கதவைப் பார்க்கும். பார்த்துவிட்டுப் "பத்து" என்று சொல்லும்.

அதற்கு நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். பெனிட்டா அம்மாக்காரியைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய், மசாலா எப்படி அரைக்கிறீர்கள், தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தரம் வருகிறது என்று வாயைக் கிளறுவாள். அந்த நேரத்தில் நான் பிள்ளையிடம் கேட்டு முடித்துவிடுவேன். அம்மா போன பிறகு பத்து ஏழாகும், சிலது மூன்றாகும்.

கடைசிக் கேள்வி: 'உனக்கு ஒரு கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வாய்?' அம்மா, அப்பா, அண்ணன், அக்கா, டீச்சர், சினேகிதி, வேறு யாராவது, யாருமில்லை. இன்றைக்கு ஒரு பெண், எட்டாவது படிக்கிறவள், "யாருமில்லை"யைத் தொட்டுவிட்டு நகத்தைக் கடித்தாள். வீட்டில் ஏ.சி. இருக்கிறது, ஸ்கூட்டி இருக்கிறது, மேஜை நிறைய பிஸ்கட். கொழுப்பு. எங்களுக்கெல்லாம் யார் ஏணியைக் காட்டினார்கள்?

ஜனவரி 9, வியாழன்

நாய் துரத்தியது. பெனிட்டா நாயிடமும் "பரவால்லீங்க" என்றாள்.

ஜனவரி 12, ஞாயிறு

மகள் கனிஷ்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். பொங்கலுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்கு லீவு இல்லை, அதற்குப் பதில் இன்றைக்கு விசிட்டிங். பள்ளிக்கூடத்து மைதானத்தில் புங்க மரத்தடிக்கு அடிதடி. பாயை விரித்து, கேரியரைத் திறந்து, மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளைக்கு ஊட்டிவிட்டுப் போகிறோம். கோயிலில் கிடா வெட்டுக்குக்கூட இத்தனை பாய் விரிக்கமாட்டார்கள்.

பள்ளிபாளையம் சிக்கன் கொண்டுபோனேன், மிளகாயைக் கிள்ளிப் போட்டு, தேங்காய்ப் பல் நிறைய, அவளுக்குப் பிடித்த மாதிரி. ரெண்டு துண்டு தின்றாள். வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எடுடி, கிழவி மாதிரி இருக்கிறாய் என்றால் எடுக்கவில்லை. தலை நிறைய கிளிப். கை வேறு நிமிஷத்துக்கு ஒரு தரம் துப்பட்டாவுக்குள் போகிறது. பேன் என்று நினைத்துக் கையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"முடி கொட்டுதும்மா" என்றாள்.

அங்கே போர் தண்ணீர், ஒரே உப்பு. கொட்டாமல் என்ன செய்யும்? கரிசாலை எண்ணெய் வாங்கித் தருகிறேன் என்றேன்.

கேரியரை மூடும்போது, "ஏம்மா, நான் வீட்டுக்கு வந்தர்றனே" என்றாள்.

"எதுக்கு?"

"வீட்டுல இருந்து படிக்கறேன்."

"வீட்டுல இருந்து படிச்சு ஆருடி உருப்பட்டா? இன்னும் ஒன்றரை மாசம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. உங்கப்பன் ரிக் வண்டியில ஊர் ஊரா மண்ணைத் தின்னுட்டுக் கெடக்கறது எதுக்கு?"

மணி அடித்தார்கள், எழுந்து போய்விட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, திமிர். மிச்சச் சிக்கனை நான்தான் ராத்திரி தின்றேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். ஒரு ஆளுக்கு எத்தனை பொங்குவது? சத்தீஸ்கரிலிருந்து வீட்டுக்காரர் போன் பண்ணினார். அங்கே பாறையில் துளை போடுகிற பிட் மாட்டிக்கொண்டதாம். பொங்கல் வாழ்த்துச் சொல்லிவிட்டு அதைப் பற்றியே பேசினார்.

ஜனவரி 17, வெள்ளி

பக்கத்து டீமில் ஒருவன் வேலை செய்கிற லட்சணம் தெரிந்தது. டீக்கடையில் உட்கார்ந்து பிள்ளைகள் பதிலைத் தானே தட்டுகிறான். நிகிலிடம் போய்ச் சொன்னேன்.

"எல்லாத்தையும் பெருசு பண்ணாதீங்க மேடம். நீங்களும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. உங்க ஏரியாவுல பாதி வீட்ல பசங்களே இல்லைன்னு வருது, மேலேருந்து கேக்கறாங்க. ஹாஸ்டல் பசங்க ரெண்டு மூணு பேரை வீட்ல இருக்கறதா போட்டுட்டா என்ன?"

"தம்பி, மாட்டைக்கூட இல்லாததை இருக்குன்னு நான் எழுதினதில்ல. புள்ளைங்களையா எழுதுவேன்?"

முகம் தொங்கிப்போய்விட்டது அவனுக்கு. எனக்கு வாய் நீளம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எழுதிக் கொடுத்த வரியில் ஒரு பொய் இருந்தது என்று இதுவரை எவனும் விரல் நீட்டியதில்லை. இந்த ஒன்றுக்காகத்தான் இன்னும் என்னைக் கூப்பிடுகிறார்கள், என் அழகுக்காக இல்லை.

அடுத்த சுற்றுக்கான தெருக்கள் வந்திருக்கின்றன. எங்கள் தெருவும் அதில் விழுந்திருக்கிறது. சொந்தத் தெருவை நாமே எடுக்கக் கூடாது, பெனிட்டா எடுப்பாள். வந்து என்ன செய்யப் போகிறாள்? என் வீட்டில் நான் ஒருத்திதான். அவர் வருஷத்தில் ரெண்டு மாசம் வருகிறவர், அவரும் கணக்கில் இல்லை.

ஜனவரி 20, திங்கள்

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன். கனிக்கு அம்மை போட்டிருக்கிறது, உடனே கூட்டிக்கொண்டு போங்கள், மற்றப் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் நாற்காலியில் பையோடு உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டோக்காரன் ஏற்றமாட்டேன் என்றான். அவனைத் திட்டின திட்டில் வாயை மூடிக்கொண்டு ஏற்றினான்.

வாசலில் வேப்பிலை செருகினேன். அம்மை வீட்டிலிருந்து நாலு வீடு ஏறக் கூடாது, அதனால் எனக்கும் வேலை இல்லை. பரீட்சை நேரத்தில் வந்து சேருகிறது பார்.

ஜனவரி 21, செவ்வாய்

உடம்பு முழுக்க முத்து. இளநீர், மோர், பழையது. தாளிக்கக் கூடாது, எண்ணெய் கூடாது, தலை சீவக் கூடாது. தூங்குகிறாள். அப்படி ஒரு தூக்கம்.

ஜனவரி 23, வியாழன்

இன்னும் தூக்கம்தான். இயற்பியல் புத்தகத்தைக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அம்மைக்காவது லீவு உடும்மா."

வாய் மட்டும் என்னை மாதிரி. புத்தகத்தை எடுக்கவில்லை, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரி 25, சனி

பள்ளிக்கூடத்தில் ரிவிஷன் டெஸ்ட் ஆரம்பித்துவிட்டதாம், போன் பண்ணிச் சொல்கிறார்கள். ஆத்தாவிடம் சொல்லுங்கள், சீக்கிரம் இறங்கட்டும் என்றேன்.

கனி எழுந்து உட்கார்ந்து மோர்ச்சோறு தின்றாள். ஜன்னல் வழியாகத் தெருவையே பார்க்கிறாள். காய்கறி வண்டிக்காரன் கூவினால் சிரிக்கிறாள். என்னிடம் மட்டும் தேவைக்குத்தான் பேச்சு. தண்ணி, போர்வை, ஃபேன். நானும் அப்படியே. ஒரு வீட்டில் ரெண்டு பேர், ஊமைக் கோட்டான் மாதிரி.

ஜனவரி 29, புதன்

இன்றைக்கு முதல் தண்ணி ஊற்றினேன். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, கொல்லைப்பக்கம் குளிக்கிற பொடக்காலியில் மணையைப் போட்டு உட்கார வைத்தேன். பத்து நாளாகச் சீவாத தலை, சடை பிடித்துக் கிடந்தது. கிளிப்பை எடுக்க விடவில்லை. "நானே ஊத்திக்கறேன், நீ போ" என்றாள். அம்மைத் தண்ணியைத் தானே ஊற்றிக்கொள்கிறவள் உண்டா? கையைத் தட்டிவிட்டு எடுத்தேன்.

உச்சந்தலையில் என் உள்ளங்கை அகலத்துக்கு முடி இல்லை. வழுவழுவென்று இல்லை, அங்கங்கே குச்சி குச்சியாக முளைத்து, நடுவில் தோல் சிவந்து, ரெண்டு மூன்று இடத்தில் காய்ந்த ரத்தம்.

"உப்புத் தண்ணி" என்றேன். "நாளைக்கே அந்த வார்டனை..."

"தண்ணி இல்லம்மா."

"பின்ன அம்மையா?"

"நாந்தான் புடுங்கறேன்."

செம்பு கையிலேயே நின்றது.

"எதுக்குடி?"

"தெரீல. காலைல அஞ்சு மணிக்கு ஸ்டடியில உக்காந்தா கை போயிருது. ஒண்ணு புடுங்கினா கொஞ்ச நேரம் நல்லாருக்கும். அப்பறம் இன்னொண்ணு. படிக்கற எழுத்து ஒண்ணும் மண்டையில ஏறமாட்டேங்குது. வீட்டுக்கு வந்தர்றேன்னு சொன்னேனில்ல."

மிச்சத் தண்ணீரை ஊற்றினேன். துவட்டிவிடவில்லை, துண்டைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எல்லாப் பிள்ளையும்தான் அங்கே படிக்கிறது. எல்லாமா பிடுங்கிக்கொள்கிறது? செம்பை ணங்கென்று வைத்தேன். கோபம்தான்.

ஜனவரி 30, வியாழன்

வார்டனுக்குப் போன் போட்டேன். தெரியும் என்கிறாள்!

"அது நெறைய புள்ளைங்க பண்றதுதாங்க. டென்த்துல ஒருத்தி புருவத்தையே எடுத்துட்டா. பரீட்சை முடிஞ்சா சரியாயிரும். நீங்க ஒண்ணு பண்ணுங்க, முடி இருந்தாத்தானே புடுங்குவா? கோயில்ல மொட்டை போட்டுக் கூட்டிட்டு வாங்க. அம்மைக்கு வேண்டுதல்னு சொல்லிக்கலாம், ஆரும் கேக்கமாட்டாங்க."

யோசித்துப் பார்த்தேன். யோசனை மோசமில்லை. சனிக்கிழமை மலைக்கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு, ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விட்டுவிட்டால் திங்கட்கிழமை டெஸ்ட் எழுதிவிடுவாள். முடி வளரும். மார்க் வளராது.

கனியிடம் சொன்னேன். அழுவாள், கத்துவாள் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவள், "சரி" என்றாள். அவ்வளவுதான். பெட்டியை இழுத்து யூனிஃபார்மை மடித்து வைக்க ஆரம்பித்தாள். மூன்றாம் வகுப்பில் ஊசிக்குக் கூட்டிக்கொண்டு போனால் தெருவே கூடும்படி கத்தினவள்.

தூக்கம் வரவில்லை. கொசு.

ஜனவரி 31, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு பெனிட்டா வந்தாள். வாசல் வேப்பிலையைப் பார்த்துவிட்டு வெளியிலேயே நின்று, "தண்ணி ஊத்தியாச்சுங்களாக்கா?" என்று கேட்டாள். "ஊத்தியாச்சு, வா" என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து டேப்லெட்டை எடுத்தாள். என்னைக் கேள்வி கேட்க அவளுக்கே கூச்சமாக இருந்தது. எனக்கும் பதில் சொல்கிற நாற்காலியில் உட்கார்ந்து பழக்கமில்லை.

"இந்த வீட்டுல வழக்கமா இருக்கறவங்க பேரு சொல்லுங்கக்கா."

"குணவதி. வயசு நாப்பத்தஞ்சு. எழுது."

"அண்ணன்?"

"செங்கோடன். சத்தீஸ்கர்ல இருக்கறார். கணக்குல வராது."

அவள் விரல் நின்றது. சமையலறைக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது. கனி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. கூடத்தில் பேசினால் சமையலறையில் கேட்காத வீடு எங்கே இருக்கிறது?

"வேற ஆருங்கக்கா? பாப்பா?"

இதற்குப் பதில் எனக்குத் தெரியும். இந்த ஒரு மாசத்தில் எத்தனையோ அம்மாக்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பதில். ஹாஸ்டல், வராது, அடுத்த கேள்விக்குப் போ. அதை எழுதிவிட்டால் பெனிட்டா அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். நாளைக்கு மொட்டை, ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல். ஹாஸ்டலுக்கு ஏணி அட்டையோடு யாரும் போகப் போவதில்லை. நாடு முழுக்க அளந்து முடித்துப் புத்தகம் போட்டு மேடையில் வெளியிடும்போது, பிள்ளைகள் எல்லாரும் ஏழாவது படியில் நிற்கிறார்கள் என்று சொல்லிக் கை தட்டுவார்கள். பொடக்காலியில் நான் பார்த்த தலை அதில் எங்கேயும் இருக்காது.

கனி சமையலறை வாசலுக்கு வந்துவிட்டாள். கையெல்லாம் சோப்பு நுரை. என்னைப் பார்க்கவில்லை, பெனிட்டாவைப் பார்த்து, "நான் ஹாஸ்டலுங்க்கா. ஞாயித்துக்கெழமை போயிருவேன்" என்றாள். யாரோ பக்கத்து வீட்டுப் பிள்ளை முகவரி சொல்கிற மாதிரி சொன்னாள்.

பெனிட்டா தலையாட்டிவிட்டு டேப்லெட்டில் விரலை வைத்தாள்.

"நில்லு" என்றேன். "அவ பேரை எழுது. கனிஷ்கா. வயசு பதினேழு. இங்கதான் இருக்கறா."

"அக்கா..." பூனைக்குரல் கொஞ்சம் கடுமையானது. இத்தனை நாளில் முதல் தரம். "பாப்பா ஞாயித்துக்கெழமை போறதா சொல்லுது. எங்கிட்ட ரூல்ஸ் சொல்லிக்குடுத்ததே நீங்கதான். வருத்தத்துல இருக்கறீங்கன்னு நான் பொய்யா எழுத முடியாதுங்க."

"நான் என்னிக்காவது பொய் எழுதியிருக்கறனா?"

"இல்லீங்க்கா."

"எழுதச் சொல்லியிருக்கறனா?"

"இல்லீங்க்கா."

"அப்ப எழுது. ஞாயித்துக்கெழமையும் இங்கதான் இருப்பா. திங்கக்கெழமையும் இங்கதான். பரீட்சை இங்கிருந்துதான் போயி எழுதுவா. வழக்கமா இருக்கற எடம் இந்த வீடு."

கனி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரை சுவரில் வழிந்தது. துடைக்கச் சொல்லி வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பெனிட்டா எழுதினாள். அப்புறம் எழுந்து நின்று என்னிடம், "சரிங்க்கா. இனி நீங்க கொஞ்சம் வெளிய போகோணும். பாப்பாகிட்டத் தனியாப் பேசோணும்" என்றாள்.

"என்ற வீட்டுல என்னையவே வெளிய போகச் சொல்றியா?"

"ஆமாங்க்கா."

போனேன். பின்னாலேயே கனி வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். தெருவில் நிற்க இடமில்லாமல் எதிர்வீட்டு மொபெட்டில் சாய்ந்து நின்றேன். எதிர்வீட்டுக்காரி, என்ன வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டாள். காற்று வாங்குகிறேன் என்றேன், உச்சி வெயிலில். உள்ளே இருந்து ஒரு சத்தமும் வரவில்லை. சாதாரணமாக இந்தக் கேள்விகளுக்கு அரை மணி நேரம் போதும். வெகுநேரம் ஆயிற்று. எத்தனை அம்மாக்களைக் கொல்லைப்பக்கம் தள்ளிவிட்டிருக்கிறேன், எட்டிப் பார்க்கிறாள், ஒட்டுக்கேட்கிறாள் என்று எத்தனை பேரைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். நானும் மொபெட்டை விட்டு நகர்ந்து ஜன்னல் பக்கம் போனேன். போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

கதவு திறந்தபோது பெனிட்டாவின் கண் சிவந்திருந்தது. அவளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லக் கூடாது. சொல்லியிருந்தால் நானே நிகிலிடம் புகார் கொடுத்திருப்பேன்.

பிப்ரவரி 1, சனி

மலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனேன், அவளுடைய பெட்டியையும் மெத்தையையும் எடுக்க.

பிரின்ஸிபல் ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்தார். பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுக்கிறீர்கள், உங்களைப் போன்ற தாய்மார்கள் பாசத்தில் கண் தெரியாமல் இருக்கிறீர்கள் என்றார். வார்டன் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அதற்கு நான் சொன்னதை எல்லாம் இங்கே எழுதவில்லை. எழுதித் தீர்க்க ஒன்றும் மிச்சமில்லாமல் அங்கேயே, அவர்கள் முகத்துக்கு நேராக, வாசலில் நின்ற பெற்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி திட்டிவிட்டுத்தான் வந்தேன். பெட்டியைத் தூக்கிவிடக்கூட ஆள் அனுப்பவில்லை. ஹால் டிக்கெட்டைப் பள்ளிக்கூடத்தில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். வாங்கிக்கொள்கிறேன். தராமல் போகட்டும், அப்போது பார்க்கிறேன்.

திரும்பி வரும்போது விடுதி மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்குப் புருவம் இல்லை.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார். அவரையும் திட்டினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

சாயங்காலம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்த நேரத்துக்கு அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பியிருக்க வேண்டியவள். கனி வந்து அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்றாள். துப்பட்டா இல்லை, கிளிப் இல்லை. கை தலைக்குப் போயிற்று. நான் பார்த்ததும் இறக்கிக்கொண்டாள்.

"ஏம்மா, ஏணியில எந்தப் படின்னு கேக்கமாட்டியா?"

"கேக்கக் கூடாது. அது நீயும் பெனிட்டாவும் பேசினது."

"ஒண்ணு."

தோசையைத் திருப்பினேன். கருகிப் போயிருந்தது.

"கடைசில ஒண்ணு கேட்டாங்க. கஷ்டம்னா ஆருகிட்டச் சொல்லுவன்னு. ஆருமில்லைன்னு சொன்னேன்."

சுருக்கென்று இருந்தது. பத்து மாசம் சுமந்து, அம்மைக்குத் தண்ணி ஊற்றி, ஊரெல்லாம் பகைத்துக்கொண்டு பெட்டியை நானே தலையில் தூக்கிக்கொண்டு வந்தால், யாருமில்லையாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நாலு தெருவுக்குக் கேட்கும்படி வந்திருக்கும். அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சொல்லிவிட்டு ஓடவில்லை, அழவில்லை, நான் கத்துவேன் என்று தெரிந்தும் நகரவில்லை. யாருமில்லை என்பதை என்னிடம் வந்து சொல்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அடுப்பை அணைத்தேன். மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி. இப்ப சொல்லு" என்றேன்.

சொன்னாள். கல் ஆறிப்போகும் வரை சொன்னாள். அவள் சொன்னதை இங்கே எழுதமாட்டேன்.